எத்தனை நாளாக இப்படி?

(வட்டார அளவிலான ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவு முடிந்த முதல் அமர்வை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். கண் சொக்கும் நேரம். யாருக்காவது தூக்கம் வந்தால் வெட்கப்பட வேண்டாம். அந்தத் தூக்கத்தைப் பற்றியும் பேசத்தான் போகிறேன்.

"உடல் சொல்லும் முதல் அறிகுறிகள்" என்பது எனக்குத் தந்த தலைப்பு. நான் மருத்துவர் இல்லை. அறிவியல் பட்டதாரி ஆசிரியர். இதைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் ஒரே தகுதி, நான் ஒரு முறை தவறியது. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன். பெயர் வேண்டாம். நன்றாகப் படிப்பான், அதைவிட நன்றாகக் கபடி ஆடுவான். ஒரு பருவத்தின் நடுவில் அவன் அடிக்கடி எழுந்து நிற்க ஆரம்பித்தான்.

"டீச்சர், ஒன்னுக்குப் போயிட்டு வரட்டுமா?"

முதல் வாரம் அனுப்பினேன். இரண்டாம் வாரம், ஒரே பாடவேளையில் இரண்டு முறை கேட்டபோது எரிச்சல் வந்தது. வெளியே போனால் குழாயடியில் நின்று வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறான் என்று பிள்ளைகள் சொன்னார்கள். அவனுக்குத் 'தண்ணி லாரி' என்று பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள். அதைக் கேட்டு நானும் சிரித்தேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

ஒரு நாள் ஆறாவது பாடவேளை. மறுபடி எழுந்தான்.

"இப்பதானடா இன்டர்வெல் முடிஞ்சுது?"

"அவசரமா வருது டீச்சர்."

"உட்காரு. பெல் அடிக்கட்டும்."

உட்கார்ந்தான். மணி அடித்ததும் எல்லாரும் எழுந்து ஓடினார்கள். அவன் மட்டும் எழவில்லை. பெஞ்சு நனைந்திருந்தது.

மறுநாள் அவன் வரவில்லை. வெட்கத்தில் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த நாளும் வரவில்லை. இரண்டு நாளில் வந்துவிடுவான், வந்ததும் தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொல்லலாம் என்று இருந்தேன். வீட்டுக்கு ஒரு போன் போடவில்லை.

அந்த இரண்டு நாளும் அவன் வயிற்று வலியில் துடித்திருக்கிறான். வாந்தி. ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று வயிற்று வலிக்கு மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் விடியற்காலை மூச்சு வாங்க ஆரம்பித்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. 108 வந்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தபோது கருவியில் எண் வரவில்லை. அளவு மீறிவிட்டது என்ற குறிதான் வந்தது. அவனுக்கு முதல் வகை நீரிழிவு நோய்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த மருத்துவர்களும் செவிலியர்களும் அவனைக் காப்பாற்றினார்கள். நான் போய்ப் பார்த்தபோது அவன் அம்மா வராண்டாவில் உட்கார்ந்திருந்தார். "ஒரு மாசமா ராத்திரியில பாயை நனைக்கிறான் டீச்சர். பன்னண்டு வயசுப் பையன். இதை யாருகிட்ட போய்ச் சொல்றது? அவங்க ஆயா கயிறு மந்திரிச்சுக் கட்டினாங்க" என்றார். எனக்குப் பதில் பேச வாய் வரவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் ஹார்மோன்கள் பாடம் நடத்துபவள் நான். இன்சுலின் குறைந்தால் சிறுநீர் மிகும், தாகம் மிகும், பசி மிகும் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, தேர்வில் கேட்டு, மதிப்பெண்ணும் போட்டவள். அதே மூன்றும் என் முன்னால் எழுந்து நின்று அனுமதி கேட்டபோது எனக்குத் தெரியவில்லை.

உடலுக்குள் என்ன நடந்தது என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே அழித்துவிடுகிறது. இன்சுலின் இல்லாவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் தசைகளுக்கு அது போய்ச் சேராது. அளவு சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரகம் சர்க்கரையைச் சிறுநீரில் விட ஆரம்பிக்கும். சர்க்கரை தனியே போகாது, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அடிக்கடி சிறுநீர். தண்ணீர் போவதால் தாகம். சாப்பிட்டது உடலில் சேராததால் பசி, மெலிவு, சோர்வு. நீரிழிவு என்ற சொல்லிலேயே இது இருக்கிறது. இழிதல் என்றால் கீழ்நோக்கி வழிதல்.

அடுத்த கட்டம்தான் ஆபத்து. சர்க்கரை கிடைக்காத உடல் கொழுப்பை எரிக்கிறது. அதில் உண்டாகும் கீட்டோன்கள் சேரச்சேர இரத்தம் அமிலமாகிறது. அப்போது வயிற்று வலி, வாந்தி, ஆழமான வேகமூச்சு, மூச்சில் பழம் அழுகியது போன்ற வாசனை, பிறகு மயக்கம். இதை வயிற்றுக் கோளாறு என்றோ காய்ச்சல் என்றோ நினைத்து வீட்டில் வைத்திருந்தால் உயிர் போகும்.

அவன் மருத்துவமனையில் இருந்த நாள்களில் ஆசிரியர் அறையில் இதைப் பற்றிப் பேசினோம். பேசப் பேசத்தான் எனக்கு உறைத்தது. உடற்கல்வி ஆசிரியர் சொன்னார்: "பத்து நாளா கபடிக்குக் கூப்பிட்டா, கால் வலிக்குது சார்னு ஓரமா உட்கார்ந்துட்டான்." வகுப்பாசிரியர் சொன்னார்: "முதல் பெஞ்சுப் பையன், தலையைக் கவுத்துப் படுத்துக்கிறான். ராத்திரி செல்போன் பார்க்கிறான்னு திட்டினேன்." சத்துணவுக்கூட அக்கா சொன்னார்: "மூணு தடவை சோறு வாங்குவான் டீச்சர். ஆனா உடம்புல ஒட்டவே இல்லையேன்னு நெனச்சேன்." பருவத் தொடக்கத்தில் கொடுத்த சீருடைக் கால்சட்டையை அவன் பின் ஊசி குத்திப் போட்டுக்கொண்டிருந்தது எல்லாருக்குமே நினைவு வந்தது.

அந்த நோயின் எல்லா அறிகுறிகளையும் பள்ளி பார்த்திருக்கிறது. ஒவ்வொருவரும் ஒன்றைப் பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் நம் கையில் ஒரு விளக்கம் தயாராக இருந்தது: சேட்டை, செல்போன், சோம்பல், வளர்கிற வயது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. அவனிடம் போய், "எத்தனை நாளாடா இப்படி?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

இன்று நான் உங்களிடம் சொல்ல வந்தது இந்த ஒரு கேள்வியைத்தான். உடலின் முதல் அறிகுறி பெரும்பாலும் வலியாக வருவதில்லை, ஒரு மாற்றமாக வருகிறது. எந்தக் குழந்தையையும் பக்கத்துக் குழந்தையோடு ஒப்பிட்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. போன மாதம் இருந்த அதே குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும். எப்போதும் தண்ணீர் அதிகம் குடிக்கும் பிள்ளை குடித்தால் அது அவன் வழக்கம். குடிக்காத பிள்ளை குடிக்க ஆரம்பித்தால் அது செய்தி. ஆண்டு முழுவதும் ஒரே குழந்தையை நாள்தோறும் பார்க்கிறவர்கள், பெற்றோருக்கு அடுத்தபடி நாம்தான். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒரு முறை வரும். இந்த நோய் அதற்குக் காத்திருக்காது.

பள்ளியால் இதில் என்ன செய்துவிட முடியும் என்று தோன்றலாம். இத்தாலியில் பார்மா என்று ஒரு பகுதி. அங்கே 1991-இல் 177 பள்ளிகளின் சுவரில் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். படுக்கையை நனைக்காமல் இருந்த குழந்தை திடீரென்று மறுபடி நனைக்க ஆரம்பித்தால், மிகுந்த தாகம் இருந்தால், உடனே சர்க்கரை பாருங்கள் என்பதே அதன் செய்தி. குழந்தை மருத்துவர்களுக்கு இரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரை பார்க்கும் கருவிகள் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில், 6 முதல் 14 வயதுக்குள் புதிதாக நோய் கண்ட குழந்தைகளில் 100-க்கு 78 பேர் அமிலநிலை முற்றித்தான் மருத்துவமனைக்கு வந்தார்கள். 1991 முதல் 1997 வரையான காலத்தில் அது 12.5 ஆகக் குறைந்தது. அங்கே மாறியது புதிய மருந்து அல்ல. ஆசிரியர்களும் பெற்றோரும் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

எங்கள் பள்ளியில் ஆசிரியர் அறையிலும் சத்துணவுக் கூடத்திலும் ஓர் அட்டை தொங்குகிறது. அதில் நான்கே சொற்கள்: சிறுநீர், தாகம், மெலிவு, சோர்வு. இவற்றில் இரண்டு ஒரு குழந்தையிடம் புதிதாகத் தெரிந்தால் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். உங்கள் பள்ளியிலும் செய்யலாம்.

முதலில், கேட்டவுடன் வெளியே அனுப்புகிறோம். பத்து முறை ஏமாந்தாலும் பரவாயில்லை. அடுத்து, தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறோம்: எத்தனை நாளாக இப்படி? இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறாய்? பாய் நனைகிறதா? இதை வகுப்பில் வைத்துக் கேட்கக் கூடாது. பிறகு அன்றைக்கே பெற்றோரிடம் பேசி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கச் சொல்கிறோம். நாளைக் காலை வெறும் வயிற்றில் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. இந்த அறிகுறிகளோடு எந்த நேரத்தில் பார்த்தாலும் 200-க்கு மேல் இருந்தால் அதுவே போதுமான செய்தி. குழந்தைக்கு வாந்தியோ, வேகமூச்சோ, அரைமயக்கமோ இருந்தால் சுகாதார நிலையம் வரைகூட யோசிக்க வேண்டாம். 108-ஐ அழைக்க வேண்டும்.

அடிக்கடி வெளியே போகும் பிள்ளைக்கெல்லாம் நீரிழிவு இல்லை. அதன் பிறகு நாங்கள் பரிசோதனைக்கு அனுப்பிய பிள்ளைகளில் ஒரு பெண்ணுக்குச் சிறுநீர்த் தொற்று. இன்னொரு பையனுக்கு உடம்பில் ஒன்றுமில்லை, கணக்குப் பாடவேளை என்றால் பயம். அதுவும் தெரிய வேண்டியதுதானே? ஒரு சொட்டு இரத்தத்தால் யாருக்கும் நட்டமில்லை.

பெற்றோரிடம் பேசும்போது ஒன்றில் கவனம் தேவை. "நிறைய மிட்டாய் வாங்கிக் கொடுத்தீங்களா?" என்று கேட்டுவிடாதீர்கள். முதல் வகை நீரிழிவு இனிப்புத் தின்பதால் வருவதில்லை, வளர்ப்புக் குறையாலும் வருவதில்லை. அந்தத் தாய் ஏற்கெனவே தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டுதான் வந்திருப்பார். இன்சுலின் போட்டுக்கொண்டால் பிள்ளை மற்றவர்களைப் போலவே படிக்கலாம், விளையாடலாம் என்று நாம் தைரியம் சொல்ல வேண்டும். 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் செலுத்தினார்கள். அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகள் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ இறந்துபோனார்கள். இன்று அந்த நிலை இல்லை.

எங்கள் மாணவன் மூன்று வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்தான். முகம் தெளிந்திருந்தது. முதல் பாடவேளை என்னுடையது. பாதியில் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, பயந்த குரலில் கேட்டான்: "டீச்சர், ஒன்னுக்குப் போயிட்டு வரட்டுமா?" எனக்குத் தொண்டை அடைத்தது. "இனிமே நீ கேட்கவே வேண்டாம்பா, போயிட்டு வா" என்றேன். பிறகு வகுப்பின் முன்னால் நின்று, "அன்னிக்கு இவனை வெளியே விடாதது என் தப்பு" என்று சொன்னேன். பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். தண்ணி லாரி என்ற பெயர் அன்றோடு போயிற்று.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கவும் கூடும் என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். கை நடுக்கம், வியர்வை, கடும்பசி, பேச்சுத் தடுமாற்றம், காரணமில்லாத கோபம் எல்லாம் அதன் அறிகுறிகள். உடனே மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும். 108-ஐத்தான் அழைக்க வேண்டும். என் மேசை இழுப்பறையில் சாக்பீஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இப்போதும் ஒரு குளுக்கோஸ் டப்பா இருக்கிறது.

இனி நம்மைப் பற்றி.

அவனைப் பார்க்க இரண்டாம் முறை மருத்துவமனைக்குப் போனபோது செவிலியர் ஒருவர் கேட்டார்: "நீங்க எப்ப டீச்சர் சுகர் பார்த்தீங்க?" பார்த்ததே இல்லை. என் அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. என் கழுத்தின் பின்புறம் கருத்துத் தடித்திருந்தது. சங்கிலி உரசிக் கருத்துவிட்டது என்று ஆண்டுக்கணக்கில் நினைத்திருந்தேன். மதியம் சாப்பிட்டால் கண்ணைத் திறக்க முடியாத தூக்கம். வேலைக் களைப்பு என்று அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தேன். வெறும் வயிற்றில் பார்த்தபோது 118 வந்தது. 100-க்குக் கீழ் இயல்பு, 126-க்கு மேல் நீரிழிவு. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். கழுத்துக் கருமை இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் மருத்துவர் சொல்லித் தெரிந்தது. மதியத் தூக்கம் எல்லாருக்கும் வரும். அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். ஆகவே இப்போது கண்ணை மூடிக்கொண்டிருக்கும் நண்பர்களும் பயப்பட வேண்டாம்.

நடுவில் நிற்கிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. சென்னையில் மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் இப்படி எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. முழுப் பாதுகாப்பு இல்லைதான். ஆனால் அந்த 16 பேரில் ஒருவராக இருக்க யாருக்குத்தான் ஆசையிருக்காது? நானும் நடக்கிறேன். மதியச் சோற்றில் பாதியைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டினேன். இப்போது எண் நூறை ஒட்டி வந்திருக்கிறது.

குழந்தைகளுக்கு வரும் நீரிழிவு வாரக்கணக்கில் அறிகுறி காட்டிவிடும். நம் வயதில் வரும் இரண்டாம் வகை அப்படியில்லை. பல ஆண்டுகள் ஓசையில்லாமல் இருக்கும். இரத்தக் கொதிப்பும் அப்படித்தான். தலைவலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் வராமலே போகலாம். எனவே அறிகுறியைக் கவனிப்பது ஒரு பாதி. அறிகுறி இல்லாதபோதும் ஆண்டுக்கு ஒரு முறை அளந்து பார்ப்பது மறுபாதி. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கூறுகிறது. நம் ஊரில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போது நாம் பள்ளியில் இருக்கிறோம் என்பது உண்மைதான். ஆரம்ப சுகாதார நிலையம் எங்கும் போய்விடவில்லை. ஒரு நாள் தற்செயல் விடுப்பு எடுத்தாவது போகலாம்.

இன்னும் இரண்டை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, குரல். தொண்டை கட்டிக்கொள்வது நம் தொழிலில் சாதாரணம் என்று விட்டுவிடுகிறோம். சளி, காய்ச்சல் இல்லாமல் மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். மற்றொன்று, சகோதரிகளுக்கு. கழிப்பறை வசதி சரியில்லை என்று காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டு வேலை பார்க்கிறோம். நீர்க்கடுப்பு மறுபடி மறுபடி வந்தால் அது சூடு என்று மோர் குடித்து விட்டுவிடக் கூடாது. பிள்ளைகளுக்குத் தண்ணீர் மணி அடிக்கிறோமே, அந்த மணி நமக்கும் சேர்த்துத்தான்.

நாளைக் காலை வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது, பெயரைக் கூப்பிட்டு முகத்தையும் ஒரு விநாடி பாருங்கள். போன மாதத்து முகமாக இல்லையென்றால் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இரண்டு நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். நான் போடாத அந்தப் போனை நீங்கள் போடுங்கள்.

அந்த மாணவன் இப்போது மேல்நிலை வகுப்பு முடித்துவிட்டான். கபடியை விடவில்லை. போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்து, "டீச்சர், சுகர் பார்த்தீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தான்.